என்னை நிற்க வைத்துப் பார்த்தீர்களா?

இசிஜி எடுத்தீர்கள், படுக்க வைத்து. எக்கோ எடுத்தீர்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி. பிபி பார்த்தீர்கள், நாற்காலியில் உட்கார வைத்து. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு என்று ஒன்று விடாமல் ரத்தம் எடுத்தீர்கள். எல்லாம் நார்மல் என்று ஃபைலை மூடிவிட்டு, "டென்ஷன்மா, நல்லாத் தூங்கு, சரியாயிடும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள். நான் வந்து சொன்னது என்ன? "நின்னா முடியல டாக்டர்." வாயைத் திறந்ததும் சொன்னதே அதுதான். நின்றால் முடியவில்லை என்கிறவளை நிற்க வைத்துப் பார்ப்போமே என்று உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுமையாக இருந்த காலம் போய்விட்டது. அந்தப் பொறுமையை எல்லாம் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் செலவழித்தாயிற்று. நிற்க முடியாத வியாதிக்கு வைத்தியம் வேண்டுமா, முதலில் ஒரு மணி நேரம் நில். சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. நடுவில் தரையில் உட்கார்ந்தால் செக்யூரிட்டி வந்து, "ஏம்மா, வயசுப் பொண்ணு, எழுந்து லைன்ல நில்லு" என்பார். அவரும் மாதச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நிற்கிறவர்தான். அவர் மீது எனக்குக் கோபமில்லை.

என் பிழைப்பே நிற்பது. தாம்பரத்தில் ஒரு துணிக்கடை, பட்டு செக்‌ஷன். பி.காம். முடித்துவிட்டு, ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைக்கும் வரைக்கும் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் ஷட்டர் தூக்கும்போது நிற்க ஆரம்பித்தால், இரவு புடவைகளை மடித்து அடுக்கி, பில்லும் ஸ்டாக்கும் சரிபார்க்கும் வரை நிற்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் லீவு கிடையாது, தீபாவளிக்கு மூச்சு விட நேரம் கிடையாது. அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் வலிக்கும், வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தால் போய்விடும்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் எனக்குக் கொரோனா வந்தது. மூச்சுத் திணறல் இல்லை, ஆஸ்பத்திரியில் சேரவில்லை. காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பியது, ருசி திரும்பியது. நிற்கிற தெம்பு மட்டும் திரும்பவில்லை. கடை திறந்து வேலைக்குப் போனால், கவுண்டரில் நின்ற சில நிமிடங்களில் நெஞ்சு படபடவென்று அடிக்கும். காதுக்குள் கொய்ங் என்ற சத்தம். கண் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வரும். விரித்த முந்தானையைப் பிடித்திருக்கும் கை நடுங்கும். குனிந்து பார்த்தால் பாதம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். இதைவிட மோசம், புத்தி மங்குவது. ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்ப் புடவையை எண்ணூறு என்று சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

போய் எங்காவது படுத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதுதான் என் மீது விழுந்த பழிக்குக் காரணம். "வேலைன்னா மயக்கம் வருது, படுத்தா சரியாப் போயிடுது, நல்லா நடிக்கிறா." கடையில் சொன்னார்கள், வீட்டில் சொன்னார்கள். ஓடியாடி வேலை செஞ்சா எல்லாம் சரியாகும் என்றார் அத்தை. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். படித்த டாக்டர்களே டென்ஷன் என்று சொல்லும்போது அவளுக்கு வேறென்ன தெரியும்?

சரி, என்ன நடக்கிறது என் உடம்பில்? இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே ஒரு கொடுமை.

யார் எழுந்து நின்றாலும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. உடனே தன்னியக்க நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டு, கீழே உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நமக்குத் தெரியாமலே, நொடிக் கணக்கில் நடந்து முடிந்துவிடும் வேலை. எனக்கு அந்த இறுக்கிப் பிடிக்கும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. ரத்தம் கீழேயே தேங்குகிறது, தலைக்குப் போதவில்லை. இதயம் ஈடுகட்டப் பார்க்கிறது. சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் வீரிட்டுக்கொண்டு ஓடுமே, மாடித் தொட்டிக்கு மட்டும் சரியாக ஏறாதே, அந்தக் கதைதான். சத்தத்தைக் கேட்டு மோட்டாரைக் கழற்றிப் பார்த்தீர்கள். மோட்டாரில் கோளாறு இல்லை என்று கண்டுபிடித்தீர்கள். பிறகு வீட்டுக்காரிக்குப் பைத்தியம் என்றீர்கள்.

இந்த வியாதியின் பெயர் போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம், சுருக்கமாக பாட்ஸ். நேற்று முளைத்ததல்ல. 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷாண்டார்ஃப், லோ என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தப் பெயரில் விவரித்து எழுதிவிட்டார்கள். கண்டுபிடிக்கும் வழியும் எழுதியே இருக்கிறது. கொஞ்ச நேரம் படுக்க வைத்து நாடியை எண்ணு, பிபி பார். எழுந்து நிற்கச் சொல். பத்து நிமிடம் வரை அவ்வப்போது எண்ணு. நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித் துடிப்பு முப்பதோ அதற்கு மேலோ ஏறி அப்படியே இருந்தால், பிபி பெரிதாக இறங்காமல் இருந்தால், இந்தத் தொல்லை மூன்று மாதத்துக்கு மேலாக இருந்தால், ரத்த சோகை, தைராய்டு போன்ற வேறு காரணம் இல்லையென்றால், அதுதான். பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாற்பது ஏற வேண்டும்.

இதற்கு என்ன கருவி வேண்டும்? ஒரு கட்டில், ஒரு பிபி மெஷின், ஒரு கடிகாரம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும், இந்தப் பக்கம் முடிச்சூர் வரைக்கும் தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத கிளினிக் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். இல்லாதது பத்து நிமிடம். டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது ஒருத்திக்குப் பத்து நிமிடம் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் மாஸ்டர் செக்கப் என்று அப்பாவின் சீட்டுப் பணத்தைக் கரைக்க எல்லோருக்கும் மனசு வந்தது.

துப்பு கண்ணெதிரே கிடந்தது. ஒரு நாள் கடையில் விழுந்ததும் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் சலைன் ஏறியதும் அன்று முழுக்க நான் நன்றாக இருந்தேன். படி ஏறினேன், சமைத்தேன், தெருமுனை வரை நடந்தேன். "பாத்தியா, வெறும் வீக்னஸ்தான்" என்றார் டாக்டர். உப்புத் தண்ணீர் ஏற்றினால் ஒருத்தி எழுந்து நிற்கிறாள் என்றால் அவள் ரத்தக் குழாயில் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம் இல்லையா? அவ்வளவு பெரிய தடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? இதயத்துக்கான டாக்டர் அல்ல, நரம்புக்கான டாக்டர் அல்ல. "உனக்கு மனசுதான் சரியில்லை" என்று என்னைத் தள்ளிவிட்டீர்களே, அந்த மனநல மருத்துவர். அந்த அம்மா என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, "படுத்துக்கிட்டு இருக்கும்போது இந்தப் படபடப்பு வருமா?" வராது என்றேன். "பயத்துக்கு நிக்கிறோமா படுத்திருக்கோமான்னு தெரியாதும்மா. படுத்தா அது பாட்டுக்குப் போயிடாது" என்றவர், தன் அறை பெஞ்சிலேயே என்னைப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார், எழுபத்திரண்டு. சுவரோரம் நிற்கச் சொன்னார். செல்போனில் டைமர் வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே நோயாளிகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், எழுந்திருக்கவில்லை. எட்டாவது நிமிடம் நூற்றுப் பதினெட்டு. "உட்காரும்மா, போதும்" என்றார். அழுதேன். கெட்ட செய்திக்கு அழவில்லை. பொய் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லக் கேட்டதற்கு அழுதேன்.

மனநல மருத்துவரிடம் போனதில் எனக்கு வெட்கமில்லை. மன வியாதியும் வியாதிதான். ஆனால் உங்களுக்குத் தெரியாத வியாதிக்கெல்லாம் மனசு என்று பெயர் வைத்துவிட்டு, குப்பைக் கூடையாக அந்த அறையைப் பயன்படுத்துகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததும் அல்ல. 2019இல் வெளியான ஒரு கருத்தாய்வில் இந்த நோய் உள்ள 4,835 பேரைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் 94 சதவீதம் பெண்கள். பாதிப் பேருக்கு நோயின் பெயர் தெரியவே இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகியிருக்கிறது. அதற்குள் வேறு வேறு பெயர் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், குரோம்பேட்டையில் பஸ் மாறி வரும் எனக்கு?

1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களிடம் இதே மாதிரி படபடப்பு, மூச்சு வாங்கல், களைப்பு இருந்ததைப் பார்த்து, இதயத்தின் எரிச்சல் நிலை என்று எழுதினார். பாட்ஸின் முன்கதை என்று இன்று பலர் அதைக் குறிப்பிடுகிறார்கள். சிப்பாய்க்கு வந்தபோது முதலில் இதயத்தைப் பார்த்தார்கள். பெண்ணுக்கு வந்தால் முதலில் மனசு, பிறகு மாதவிலக்கு, பிறகு கல்யாணம். இதயம் கடைசியில்தான். அதுவும் படுக்க வைத்து.

பெயர் தெரிந்துவிட்டதே, இனி என்ன குறை என்பீர்கள். இனிமேல்தான் இருக்கிறது.

மருந்து இருக்கிறது. நாடியைத் தணிக்கக் குறைந்த அளவில் புரோப்ரனலால் சிலருக்கு, ஐவாபிரடின் சிலருக்கு, உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் சிலருக்கு. ஆளுக்கு ஆள் மாறும், டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் மருந்துக்கு முன்னால் வரும் வைத்தியம் எளிமையானது: தண்ணீர், உப்பு, இறுக்கமான காலுறை, படுத்தபடி உடற்பயிற்சி. கேட்கும்போது சிரிப்பு வரும். செய்து பாருங்கள், இந்த ஊரில் ஒரு துணிக்கடைப் பெண்ணாக இருந்துகொண்டு.

தினம் இரண்டு முதல் மூன்று லிட்டர் தண்ணீர். கடையில் தண்ணீர் குடிக்க யாரும் தடை சொல்லவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் நோட்டில் நேரம் எழுத வேண்டும். அடிக்கடி எழுதினால் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. நீர்க்கடுப்பு வராத பெண் எங்களில் இல்லை. மின்சார ரயிலில் கழிவறை கிடையாது என்பதால் கடையை விட்டுக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே அந்த வாய் நனைப்பும் நின்றுவிடும். எனக்கோ தண்ணீர்தான் மருந்து. படுக்கையை விட்டு எழும் முன் அரை லிட்டரை மடமடவென்று குடித்தால் கொஞ்ச நேரத்துக்காவது நிற்க முடிகிறது. மருந்தைக் குடித்ததற்குக் கணக்குக் கேட்கும் இடத்தில் எப்படிப் பிழைப்பது?

உப்பு. ஊரே உப்பைக் குறை என்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு டாக்டர் சொன்னது அதைப் போல் இரண்டு மடங்கு. ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அப்பாவுக்கு பிபி. ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. அம்மா அப்பாவுக்காக அரை உப்புப் போட்டு இறக்குவாள், நான் தட்டில் மேலே தூவிக்கொள்வேன். நீராகாரத்தில் கல்லுப்பு, மோரில் உப்பு, மாங்காய் ஊறுகாய். வீட்டுக்கு வருகிறவர்கள் என் தட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இப்படி உப்புத் தின்னா படபடப்பு வராம என்ன செய்யும்?" என்று புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உறை கதை இன்னும் அழகு. தொடையும் வயிறும் சேர்த்து இறுக்குகிற மாதிரி இடுப்பு வரை வேண்டும். அங்கேதான் ரத்தம் தேங்குகிறது. மெடிக்கலில் கேட்டால் முழங்கால் வரைக்கும் உள்ள வெரிகோஸ் சாக்ஸ்தான் இருக்கிறது. அது எங்கள் கடைப் பெண்களே வாங்கி வாங்கித் தீர்ந்துபோகும் சரக்கு. இடுப்பு வரை உள்ளதை ஆர்டர் போட்டு வரவழைத்தேன், விலை ஆயிரக் கணக்கில். அதை மாட்டிக்கொண்டு மே மாதம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கிப் பாருங்கள். வெயில் இந்த வியாதிக்கு எதிரி, குழாய்கள் இன்னும் தளர்ந்துவிடும். வெயிலுக்கு உறையைக் கழற்ற வேண்டும், வியாதிக்கு மாட்ட வேண்டும். எதைச் செய்வது?

உடற்பயிற்சி மட்டும் என் கையில் இருந்தது. நீச்சல், துடுப்புப் போடும் மெஷின், சாய்ந்தபடி மிதிக்கும் சைக்கிள் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பாய். பாயில் படுத்துக் காலைத் தூக்கி இறக்கினேன், மல்லாந்தபடி சைக்கிள் மிதித்தேன். முதல் வாரங்களில் செத்துப் பிழைத்தேன். மாதக் கணக்கில் விடாமல் செய்ததில் காலில் கொஞ்சம் சதை பிடித்தது, இப்போது முன்பைவிட அதிக நேரம் நிற்க முடிகிறது. நிற்கும்போது காலைப் பின்னிக்கொள், தொடையை இறுக்கு, முஷ்டியை மடக்கு, ஒரேயடியாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் சிறுகச் சிறுகச் சாப்பிடு. எல்லாம் உதவுகிறது. பலருக்கு வருடங்கள் போகப் போகக் குறையும் என்கிறார்கள். நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ரயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. தாம்பரத்தில் ஏறுவதால் சில சமயம் எனக்கு சீட் கிடைத்துவிடும். குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டுவதற்குள் லேடீஸ் கம்பார்ட்மென்ட் நிரம்பும். என் எதிரே பையோடு ஒரு அம்மா வந்து நிற்பார். "வயசுப் பொண்ணு, கொஞ்சம் எழுந்துக்கோம்மா." வியாதி என்று சொன்னால் மேலும் கீழும் பார்ப்பார்கள். பொட்டு வைத்திருக்கிறேன், பூ வைத்திருக்கிறேன், கை கால் இருக்கிறது. எழுந்துகொள்வேன். பழவந்தாங்கலில் கண் இருட்டும். கிண்டி வருவதற்குள் கதவோரம் தரையில் உட்கார்ந்திருப்பேன். சீட்டுக்கு வந்த அதே அம்மா தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் நீட்டியிருக்கிறார். கெட்ட மனிதர்கள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வியாதியை யார் நம்புவார்கள்?

மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறலாமே என்று ஒரு தோழி சொன்னாள். அதற்குச் சான்றிதழ் வேண்டும். 2016 சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பாட்ஸ் அதில் இல்லை. எந்தப் பக்கம் சேர்த்தியும் இல்லாதவள் நான்.

அந்த ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் பெயர் என்ன? தாம்பரம் சானடோரியம். 1928இல் சௌரி முத்து என்ற டாக்டர் காசநோயாளிகளுக்காக அங்கே ஆஸ்பத்திரி கட்டினார். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம். நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் படுத்து ஓய்வெடுப்பதும்தான் வைத்தியம். உடம்பு முடியாதவர்கள் படுக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் ஊருக்கு வெளியே இடம் தேடி வந்த பேட்டை இது. இன்றைக்கு அதே சானடோரியத்தில் இறங்கி ஏற்றுமதி மண்டலத்துக்கு ஷிப்டு ஓடுகிற பெண்களைப் பாருங்கள். உட்கார ஒரு நாற்காலி கேட்டால் சோம்பேறி.

கேட்பது சலுகையும் அல்ல, சட்டம். கேரளத்தில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி, கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டி, உட்காரவும் கழிவறை போகவும் உரிமை வேண்டும் என்று வருடக் கணக்கில் போராடினார். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அடுத்தது தமிழ்நாடுதான். 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் தக்க இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கண் இருட்டி நின்ற அதே மாதங்களில், என்னை அறியாமலே எனக்காக ஒரு சட்டம் கோட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது நான் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

ஸ்டூல் வந்தது. எங்கள் ஃப்ளோருக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். கொஞ்ச நாள் தூண் ஓரமாகக் கிடந்தன. நான் போய் உட்கார்ந்தபோது, "கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பாங்க, எழுந்திரு" என்றார் இன்சார்ஜ். பிறகு அவை குடோனுக்குப் போய்விட்டன. லேபர் ஆபீசிலிருந்து ஆள் வருகிறார் என்றால் வெளியே வரும், தூசி தட்டி. அவர் போனதும் உள்ளே போகும். விலை உயர்ந்த பட்டுப் புடவைக்கு மெத்தை போட்டிருக்கிறார்கள், வாடிக்கையாளர் உட்கார சோபா போட்டிருக்கிறார்கள், பொம்மைக்குக்கூட ஸ்டாண்டு இருக்கிறது.

மூன்றாவது தடவை விழுந்த பிறகு நின்றுவிடச் சொன்னார்கள். சட்டப்படி நீக்கவில்லை, "உடம்பைப் பாத்துக்கிட்டு அப்புறமா வா" என்றார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு டைப் செய்து கொடுக்கிறேன். பழைய சம்பளத்தில் பாதி வருகிறது. உப்பும் தண்ணீரும் பாத்ரூமும் என் இஷ்டம்.

போன வாரம் இன்சார்ஜ் போன் செய்தார். தீபாவளிக்கு ஆள் போதவில்லையாம். பட்டு செக்‌ஷனில் என் மாதிரி பேசி விற்கிறவர்கள் இல்லையாம். வர்றியா என்று கேட்டார்.

"ஸ்டூலை வெளியே போடுவீங்களா சார்?" என்றேன்.

"லெட்டர் இருந்தா கொண்டு வா, மேனேஜர்கிட்ட பேசறேன்."

"அந்தச் சட்டத்துக்கு லெட்டர் எதுவும் வேண்டாம் சார்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உனக்கு மட்டும் போட்டா மத்த பொண்ணுங்களும் கேப்பாங்களேம்மா" என்றார்.

"கேக்கட்டும் சார். அவங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கு அந்தச் சட்டம்."